பச்சைப் பெட்டியில் இருந்த அறுபத்து நான்கு உறைகள்

ஜெசி,

இந்தக் கடிதத்தை நான் உறையில் போடவில்லை. மடித்து உன் கல்யாணப் புடவையின் மேல் வைக்கிறேன். யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். உன் அப்பா படிக்கலாம், மாப்பிள்ளை படிக்கலாம், ஜொகூரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் படித்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இன்னும் மூன்று வாரத்தில் நீ கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விடுவாய். பெண்ணை அனுப்பும் தாய் எழுதுகிற கடிதத்தில் ‘அனுசரித்துப் போ, பொறுத்துப் போ’ என்று நாலு வரியாவது இருக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. நீ ஏற்கெனவே அளவுக்கு மேல் பொறுத்துப் போகிறவள். அதில் கொஞ்சத்தை உன்னிடமிருந்து கழற்றி எடுக்கத்தான் இதை எழுதுகிறேன். கூடவே நான் மூடி மறைத்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாம் இரண்டு பேரும் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றி எதை ஆரம்பித்தாலும் எனக்கு அதுதான் முதலில் வாயில் வருகிறது. கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் நான் உன் பெருமை பேசி, அவர்கள் செருப்பைத் தேடுகிற சாக்கில் நழுவுவதை நானே பார்த்திருக்கிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள் நீ. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுவேன்.

உன் பெரியப்பா சவரிமுத்து கல்யாணம் செய்துகொள்ளாதவர். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கடைசிவரை குமாஸ்தா வேலை. லிட்டில் இந்தியாவில் ஒரு நாணய மாற்றுக் கடையின் மாடியில் ஒரே அறை. எந்தத் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தாலும் அதன் தபால்தலை அவர் கைக்குத்தான் வரும். பழைய கடிதங்களைக் காகிதக்காரனுக்குப் போடும் கிடங்குகளிலும் போய்க் கிளறுவார். போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஈஸ்டர் கழிந்து சில நாளில் அவர் இறந்தபோது, பேங்குப் புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருந்தது. ‘ஸ்டாம்பு எல்லாம் ஜெசிக்கு. வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். விற்றால், இன்னது என்று தெரிந்து விற்கவும்.’ அவ்வளவுதான். அவருடைய தங்கை பட்டர்வொர்த் அத்தைக்கும், தம்பியான உன் அப்பாவுக்கும் அதில் ஒரு சொல் இல்லை. உன் அப்பாவுக்கு அதில் வருத்தமும் இல்லை. அறையைக் காலி செய்ய ஒரு மாதம் தவணை. நாற்பத்து மூன்று ஆல்பம், பதினோரு பிஸ்கட் டின், சப்பாத்துப் பெட்டிகள் வேறு. கெலுகோரில் இருக்கும் நம் வீட்டுக்கும் டவுனுக்கும் ஐந்து முறை சாமான் ஏற்றிக் காடி ஓட்டிவிட்டு அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? “மனுசன் சட்டை நாலு வச்சிருக்காரு, ஸ்டாம்பு நாலு லட்சம் வச்சிருக்காரு லா.”

வேறு யாராக இருந்தாலும் எடைக்குப் போட்டிருப்பார்கள். நீ ஆஸ்பத்திரி லேபில் வாரம் முழுவதும் ரத்தக் குப்பிகளோடு நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் போர்வையை விரித்து உட்காருவாய். நாட்டு வாரியாக ஒரு பிரிவு, பிறகு ராஜா வாரியாக, பிறகு ஓரத்துப் பற்களை எண்ணி ஒரு பிரிவு. மின்விசிறி போடக் கூடாது, தபால்தலைகள் பறந்துவிடும். ஜன்னல் திறக்கக் கூடாது. பினாங்கு வெயிலில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வியர்வை சொட்டினால் கெட்டுப்போகும் என்று மூன்று பேரும் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அப்பா, “செத்தும் நம்மள வேக வைக்கிறாரு அண்ணன்” என்றார். பெரியப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் அவர் தமிழில் எழுதிய குறிப்புகளையும் இரவல் வாங்கிய விலைப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலையாகச் சாமணத்தால் தூக்கிப் பார்ப்பாய். எட்டு மாதம், ஒரு ஞாயிறு விடாமல்.

எனக்கும் அதில் பங்கு உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வயதில் சேர்ந்து முப்பத்திரண்டு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகக்கண் அளவு கம்ப்யூட்டர் சில்லில் கீறல் தேடியவள் நான். என் மேசையைத் தாண்டி ஒரு ரிஜெக்ட் வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்லுவார். மெலிந்த காகிதம், ஒட்டுப்போட்ட மூலை, பல்லைப் புதிதாக வெட்டிய ஓரம் எல்லாம் விளக்கைப் பின்னால் பிடித்தால் எனக்குப் பட்டென்று தெரிந்துவிடும். நீ, “அம்மாதான் என் மெஷின்” என்று சிரிப்பாய். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், எவ்வளவு பயந்துகொண்டும் இருந்தேன் என்பதை இப்போதுதான் சொல்கிறேன்.

அப்பாவின் முதல்நாள் உறைகளை நீ கையாண்ட விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. உன் எதிர்காலத்துக்கு என்று சொல்லி, புதுத் தலை வெளியாகும் நாளெல்லாம் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று இருபது வருடம் வாங்கிச் சேர்த்தாரே, அறுநூறுக்கு மேல். பெரியப்பாவின் சாமானோடு அதையும் கொண்டுவந்து வைத்து, “இதையும் சேத்து வெல பாரு மா” என்றார். வாங்கிய விலையில் பாதிகூடப் போகாது என்று உனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. எல்லோரும் அதையே வாங்கி வைத்திருக்கிறார்கள். நீ இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, “இத விக்க வேணாம்பா, கல்யாணமாகிப் போறப்ப நான் கொண்டு போறேன்” என்றாய். அவர் அன்று முழுவதும் வீட்டுக்குள் பாட்டு பாடிக்கொண்டே நடந்தார். அழகான காரியம். ஆனால் ஜெசி, உன் சுபாவம் அதில் முழுதாக இருக்கிறது. அடுத்தவர் முகம் வாடக் கூடாது என்றால் நீ எதையும் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வாய்.

முதல் கடைக்காரரை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. டவுனில் ஒரு பழைய கடைக் கட்டடத்தின் இரண்டாம் மாடி, அலமாரிக்கும் அலமாரிக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடியும். அந்தச் சீனப் பெரியவர் நீ கொண்டுபோன பன்னிரண்டு ஆல்பத்தையும் விசிறி வீசுகிற வேகத்தில் புரட்டினார். “எல்லாம் சேத்து எய்ட் தவுசண்ட் லா, கேர்ள். வீட்டுல இருக்கறதும் நான் ஏத்திக்கிறேன். யு நோ ஹெடேக்” என்றார். மேசைக்கு அடியில் நான் உன் காலை மிதித்தேன், சரி என்று சொல்லச் சொல்லி. நீ நன்றி சொல்லிவிட்டு ஆல்பங்களை எடுத்துக்கொண்டாய். படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னாய்: “அவர் எல்லாப் பக்கத்தையும் சர்ருன்னு திருப்புனாரு மா. கெடா, கிளந்தான் ஸ்டாம்பு இருந்த பக்கத்துல மட்டும் கை நின்னுச்சு. அந்த ரெண்டு ஆல்பத்துக்குத்தான் எட்டாயிரம்.” நான் தபால்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ வாங்குகிறவர் கையைப் பார்த்தாய். அந்த இரண்டு ஆல்பமும் பிறகு அதைவிடக் கூடுதலாகவே போயின. அதே பெரியவர்தான் பின்னால் தன் கடைக்குச் சாமான் வந்தால் உன்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் உன் காலை ஏன் மிதித்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. எல்லாம் ஒரேயடியாக வீட்டை விட்டுப் போய்விட்டால் யாரும் எதையும் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

இப்போது பச்சைப் பெட்டிக்கு வருகிறேன்.

சாமான்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம். நீ வேலைக்குப் போயிருந்தாய், அப்பா பசாருக்கு. அடுக்கி வைத்ததில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி. திறந்தால் பூச்சி நாற்றம். உள்ளே பழைய உறைகள், அழுக்கேறி, ஓரம் கிழிந்து, காப்பிக் கறை மாதிரி கறை. ஒவ்வொன்றிலும் ஜப்பான்காரன் காலத்துத் தபால்தலை, ராஜா முகத்தின் மேல் கறுப்பு எழுத்து அடித்தது. எனக்கு அழுக்கு ஆகாது என்று ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் தபால்தலை சேர்த்தபோது டீச்சர் சொல்லித் தந்தது ஒன்றுதான்: வெதுவெதுப்பான தண்ணீரில் போடு, தானாகக் கழன்று வரும், துணியில் காயவை. உனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன். பின்கட்டில் மூன்று வாளி வைத்தேன். அறுபத்து நான்கு உறை, ஒன்றைக்கூட விடவில்லை. தலைகளை அழகாக உரித்து, துண்டுக்கு நடுவில் வைத்து, மேலே பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன். கூழாகிப் போன காகிதத்தையும் அந்தத் துருப்பிடித்த பெட்டியையும் குப்பை லாரியில் போட்டாயிற்று. அடுத்த நாள் அறுபத்து நான்கையும் சுத்தமாக ஓர் ஆல்பத் தாளில் வரிசையாகச் செருகினேன். ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை. நீ வந்ததும் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்று காத்திருந்தேன்.

நீ அன்று சாயங்காலம் சட்டைகூட மாற்றாமல் பெரியப்பாவின் நோட்டுப் புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தாய். “அம்மா, கேளுங்க” என்று சத்தமாகப் படித்தாய். ‘பச்சைப் பெட்டி. யுத்த கால உறைகள் 64. தலை, முத்திரை, உறை மூன்றும் சேர்ந்தால்தான் மதிப்பு. தலையைப் பிரிக்கக் கூடாது. நம்பர் 17, அப்பா தைப்பிங்கிலிருந்து அம்மாவுக்குப் போட்டது. அது விற்பனைக்கு அல்ல, தங்கச்சிக்கு.’ உன் முகம் பூரித்துப்போயிருந்தது. “பெரியப்பாகிட்ட இருந்ததுல இதுதான் ஆக பெரிய சாமான் மா. தனி ஸ்டாம்பா இருந்தா அஞ்சு வெள்ளி பத்து வெள்ளி. பெட்டிய பாத்தீங்களா?”

நான், “இல்லையே, நான் பாக்கலையே” என்றேன்.

அந்த ஒரு வரி எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். நீ திட்டுவாய் என்ற பயம் இல்லை. நீ யாரையும் திட்டியதில்லை. முப்பத்திரண்டு வருடம் ரிஜெக்ட் விடாதவள் என்று பீற்றிக்கொண்ட வாய்க்கு, எல்லாவற்றையும் நானே கெடுத்தேன் என்று சொல்ல வரவில்லை. அகம்பாவம்தான், வேறொன்றும் இல்லை. அந்த ஆல்பத் தாளைக் கொண்டுபோய் அலமாரியில் கிறிஸ்துமஸ் மேசைத் துணிக்கு அடியில் வைத்தேன். நீ அதற்குப் பிறகு பெட்டியைத் தேடி எங்கெல்லாம் போனாய். நாணய மாற்றுக் கடைக்காரரிடம் மூன்று முறை கேட்டாய். புதிதாக அறைக்கு வந்தவர்களைக் கெஞ்சி, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாய். வெயிலில் சிவந்து திரும்பி வருவாய். நான் உனக்கு ஐஸ் கலந்து, பண்டான் இலை போட்ட தண்ணீர் கொடுத்து, “கெடச்சுதா?” என்று கேட்பேன். கேட்டேன், ஜெசி. அதைத்தான் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். மேசைத் துணியை நீதான் எடுத்து விரித்தாய். அதற்கப்புறம் நீ பச்சைப் பெட்டியைப் பற்றிக் கேட்பதே இல்லை. சலித்து விட்டுவிட்டாய் என்று நினைத்து நிம்மதியாக மூச்சு விட்டேன். உன்னை எவ்வளவு குறைத்து எடைபோட்டேன் பார்.

தை மாதத்தில் கோலாலம்பூர்க்காரர் ஒருவர் வந்தார். வெள்ளைக்காரன் ஆண்ட ஸ்ட்ரெயிட்ஸ் காலத்து ஐந்து வெள்ளித் தலை, தொகுப்பிலேயே தனியாக அதிக விலை சொல்லி வைத்திருந்தது. அவர் பார்த்து, தலையசைத்து, பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார். அதன் முதுகில் மெலிந்த இடத்தில் மெல்லிய காகிதம் ஒட்டிச் சரிசெய்திருந்ததை முந்தைய ஞாயிறு கண்டுபிடித்தவளே நான்தான். நீ வாயைத் திறக்கப் போகிறாய் என்று தெரிந்து உன்னை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். “அவரு கேக்கல. நீ ஏன் சொல்றே?” என்றேன். நீ என்னைப் பார்த்து, “கேக்கலன்னா சொல்லக் கூடாதா மா?” என்றாய். குரலில் கோபமில்லை. வெளியே போய் அவரிடம் விளக்கில் பிடித்துக் காட்டினாய். விலை மூன்றில் ஒன்றானது. ஆனால் அவர் அதையும் வாங்கி, பார்க்காமலே நீ சொன்ன விலைக்கு வேறு மூன்று ஆல்பமும் வாங்கிக்கொண்டு போனார். நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். நீ கேட்டது அந்தத் தலையைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. பெருமையாக மட்டும் இருந்தது.

பெரியப்பாவின் ஆண்டு நினைவுப் பூசைக்கு எல்லோரும் நம் வீட்டில் சாப்பிட வந்தார்கள். கோயில் ஆட்கள் இருபது பேராவது இருப்பார்கள். அத்தை தட்டை எடுக்காமல் உன்னிடம் வந்தார். “எங்க அப்பா கையெழுத்து ஒன்னுகூட எங்கிட்ட இல்ல ஜெசி. எனக்கு ரெண்டு வயசுல போய்ட்டாரு. அந்தக் கடித உறைய தரேன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு. பச்சைப் பெட்டியில இருக்குன்னாரு. எங்க அது?” நான் டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நிற்கிறேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான் அத்தே தண்ணில போட்டேன். ஸ்டாம்பு மட்டும் எடுக்கலாம்னு. தெரியாமப் பண்ணிட்டேன்” என்றாய்.

அப்போதுதான் உனக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

யாரும் உன்னை நம்பவில்லை என்பதுதான் கொடுமை. “மாசக்கணக்கா புஸ்தகம் வச்சுப் படிக்கிற புள்ள. லேபுல வேல செய்யற. நீயா தண்ணில போட்டே? நேராவே சொல்லு, வித்துட்டேன்னு. எங்க அப்பா கையெழுத்த வித்துட்டே” என்றார் அத்தை. திருடி என்ற சொல்லையும் சொன்னார். அத்தனை பேர் முன்னால். என் கையில் தட்டு இருந்தது, வாய் சும்மாதான் இருந்தது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அத்தை எழுந்து போனார். நீ என்னிடம் வந்து, “டீ ஆறிடும் மா, மத்தவங்களுக்குக் குடுங்க” என்றாய். நானும் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அத்தை நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உன் நிச்சயத்துக்கும் வரவில்லை. கோயிலில் இரண்டொருவர் உன்னைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசியது எனக்குத் தெரியும். மீதித் தொகுப்பையும் நீ நேர்மையாக விற்று, பெரியப்பாவின் கல்லறைக்குக் கல் வைத்தாய். அதற்கும் ‘எல்லாம் உறை வித்த காசு’ என்றார்கள். உன் பெயர் கெட்டது என்னால். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

இந்த வருடம் பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எப்போதும் போலப் பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்ற வரிசையில் இதையும் சொருகினேன். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். இந்தப் புதுச் சாமியார் சின்னப் பையன்தான், ஆனால் லேசில் விடுகிறவர் இல்லை. “எங்கிட்ட சொன்னது சரிங்க மா. பேரு கெட்டது யாருக்கு? அவங்ககிட்ட சொன்னீங்களா? அவங்கள தப்பா பேசுனவங்ககிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றேன். “அப்ப பாதிதான் முடிஞ்சிருக்கு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அதையும் அடுத்த முறை சொல்ல வேண்டும்.

பிறகும் ஒத்திப்போட்டேன். போன வாரம் உன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கும்போது பெரியப்பாவின் நோட்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடித் தாள் உறை விழுந்தது. உள்ளே ஒரே ஒரு தபால்தலை. மூலையில் முத்திரையின் பாதி, ‘தைப்’ வரை படிக்க முடிகிறது. நோட்டில் இருந்த தேதியையும் வைத்து, அறுபத்து நான்கில் அது எந்தத் தலை என்று நீ தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். பென்சிலில் ‘அத்தைக்கு’ என்று எழுதியிருந்தாய். கொடுக்கப் போய், அத்தை கதவைத் திறக்காததால் திரும்பி வந்திருக்கிறாய் என்று அப்பாதான் சொன்னார். நீ எதற்குப் போனாய் என்று அவருக்கும் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், இப்படி ஒரு பெண் என் வயிற்றில் பிறந்திருக்கிறாளே என்ற கர்வம். இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

நேற்றுக் காலை அப்பாவைப் படகுத்துறையில் இறக்கிவிடச் சொல்லி, தனியாக ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் போனேன். அத்தை கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். “அண்ணி, ஒறைய தண்ணில போட்டது நான். ஜெசி இல்ல. அவ தேடுறப்ப பாக்கலன்னு பொய் சொன்னதும் நான். நீங்க அவள பேசுனப்ப வாய மூடிக்கிட்டு நின்னதும் நான்.” நான் ஒப்பித்துக்கொண்டு போனது அவ்வளவுதான். அந்தத் தலையை நீட்டினேன்.

அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். “இத எங்க அப்பா எச்சி தொட்டு ஒட்டியிருப்பாரு இல்ல?” என்று கேட்டார். நான் அந்த முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது ஞாபகம் வந்தது. “அதையும் நான் கழுவிட்டேன் அண்ணி” என்றேன். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “புள்ள ஏன் தன் மேல போட்டுக்கிட்டா?” என்றார். “என்னைக் காப்பாத்த” என்றேன். “நான் அவள திருடின்னு சொன்னேனே. அவ்வளோ பேரு முன்னால” என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை.

புறப்படும்போது வாசல்வரை வந்தார். “ஒன்ன மன்னிக்க எனக்கு நாளாகும்” என்றார். சரி என்றேன். “நலுங்குக்கு வருவேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன், எல்லார் முன்னாலயும்தான் திருப்பிச் சொல்லணும்” என்றார். நம் வீட்டில் நலுங்குக்கு முதல் கை வைப்பது அத்தைதான். அந்த இடம் காலியாக இருந்துவிடுமோ என்று நீ யாருக்கும் தெரியாமல் பயந்துகொண்டிருந்தாய். இனி அந்தப் பயம் வேண்டாம்.

போகிற வீட்டில் என் பெண் உழைப்பாளி, புத்திசாலி, பொய் சொல்லத் தெரியாதவள் என்று தானாகத் தெரிந்துகொள்வார்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அங்கே யார் செய்த தப்பையும் உன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. புருஷன் செய்ததாக இருந்தாலும், மாமியார் செய்ததாக இருந்தாலும். நீ அன்பில்தான் செய்கிறாய், தெரியும். ஆனால் நீ மூடிக் கொடுத்ததால் நான் திருந்தவில்லை ஜெசி, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன். என்னைப் போல இன்னொருவரை அங்கே உருவாக்கிவிடாதே.

நலுங்கு அன்று அத்தை பேசுவார். அடுத்து நான் பேசுவேன். போன வருடம் சாப்பிட வந்த அத்தனை பேரையும் நானே போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன். நீ மஞ்சளோடு உட்கார்ந்த இடத்திலேயே இரு. நடுவில் எழுந்து, ‘அம்மா தெரியாமப் பண்ணிட்டாங்க’ என்று ஆரம்பிக்காதே. நான் தெரியாமல் செய்தது அந்த ஒரு நாள் மட்டும்தான். மிச்ச இரண்டு வருடமும் தெரிந்தே செய்தேன். அதை என் வாயால் சொல்லி முடிக்கும்வரை என் பக்கத்தில் வந்து நிற்காதே. சொன்ன பிறகு வா.

அம்மா